ஆடிவேல் தேர் எங்கெங்கே நிற்கிறது? காலி வீதி ஊர்வலத்தின் பின்னால் இருக்கும் வேலைகள்

செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு ஏறத்தாழ 7 கிலோமீற்றர். ஆறுதலாக நடப்பவருக்கு இரண்டு மணித்தியாலம் போதும். ஆடிவேல் தேருக்கு ஒரு பகல் முழுவதும் வேண்டும். காலையில் புறப்பட்டால் பம்பலப்பிட்டியை அடையும்போது இருட்டிவிடும். மிச்ச நேரம் எங்கே போகிறது என்று கேட்டால், நிற்பதில் போகிறது. கடை வாசலில் நிறைகுடம் வைத்துக் காத்திருக்கும் முதலாளிக்காகத் தேர் நிற்கிறது. அர்ச்சனைத் தட்டோடு கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு நிற்கும் தாய்க்காக நிற்கிறது. சந்தியில் தேங்காயைக் குவித்து வைத்திருக்கும் இளைஞர் கூட்டத்துக்காக நிற்கிறது.

ஓடுகிற நேரத்தை யாரும் கணக்குப் போடலாம். நிற்கிற நேரத்தைக் கணக்குப் போடுவதுதான் வேலை. ஓர் இடத்தில் 3 நிமிடம் என்று வையுங்கள். 100 இடங்கள் என்றால் 5 மணித்தியாலம். ஒவ்வோர் இடத்திலும் ஒரேயொரு நிமிடம் கூடினால் தேர் 1 மணி 40 நிமிடம் பிந்தும். அது பிந்தினால் கொள்ளுப்பிட்டியில் வீதியை மறித்து நிற்கும் பொலிஸார் காத்திருக்க வேண்டும், திருப்பி விடப்பட்ட 100ஆம், 101ஆம் இலக்க பஸ்கள் இன்னும் சுற்ற வேண்டும், பம்பலப்பிட்டியில் மத்தியானமே வந்து நடைபாதையில் குந்தியிருப்பவர்கள் பசியோடும் தாகத்தோடும் நெருக்கியடிக்கத் தொடங்குவார்கள். ஒரு வருடம் அங்கே என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, தேர் வருகிறது வருகிறது என்று தட்டிலிருந்த கற்பூரத்தை மூன்று தடவை மாற்றினார். அவருக்கு அது பக்தி. பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு அது ஆபத்து.

ஊர்வலம் நடத்துவது என்றால் சோடனை, மேளம், காவடி என்றுதான் பேச்சு வரும். எனக்குத் தெரிந்தவரை, ஊர்வலம் பிழைப்பதும் பிசகுவதும் அது நிற்கும் இடங்களில்தான்.

கதிர்காமத்துக்குப் போக முடியாத காலம்

ஆடிவேலின் கதையே ஒரு போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் தொடங்குகிறது என்று சொல்லலாம். 19ஆம் நூற்றாண்டில் கதிர்காமப் பாதயாத்திரையோடு வாந்திபேதியும் பரவியது. 1870களில் பிரித்தானிய அரசு யாத்திரிகர்களைக் கட்டுப்படுத்தியது. கதிர்காமத்துக்குப் போக முடியாத கொழும்பு மக்களுக்காக வேல் கொழும்பிலேயே வீதிக்கு வந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கதிரேசன் கோயில்கள் செட்டியார் தெருவில் இருந்தன. அங்கிருந்து வெள்ளித் தேரில் வேல் புறப்பட்டு, பிரதான வீதி, கோட்டை, காலிமுகத்திடல் கடந்து பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்கு வரும். அங்கே சில நாள் தங்கித் திரும்பும். சம்மாங்கோடு கதிர்வேலாயுத சுவாமி கோயிலின் தேர் தனியாக வரும். ஒரே வீதி, இரண்டு தேர் என்பதால் நேர ஒழுங்கு அப்போதே தேவைப்பட்டது.

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் பழைய சிங்களக் குடும்பங்களிடம் கேட்டால் 'வேல்' என்றதும் கரும்பையும் பம்பாய் முட்டாயையும்தான் முதலில் சொல்வார்கள். தேர் தங்கும் நாட்களில் காலி வீதியோரம் முழுக்கக் கடை விரியும். அந்த நினைவுக்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. 1983 ஜூலைக்குப் பிறகு தேர் தெருவில் இறங்காத ஆண்டுகளும் உண்டு. தலைநகரின் முதுகெலும்பு போன்ற வீதியில் ஒரு பகல் முழுக்க வேல் போவதென்பது அதனால் சும்மா ஒரு போக்குவரத்து அறிவித்தல் இல்லை. அந்த இடத்தைத் தக்கவைப்பதற்கே ஊர்வலம் ஒழுங்காக நடக்க வேண்டியிருக்கிறது.

கொட்டாஞ்சேனையில் 1883

ஊர்வல நேரம் பிசகினால் என்ன நடக்கும் என்பதற்குக் கொழும்பிலேயே பழைய பாடம் இருக்கிறது. செட்டியார் தெருவிலிருந்து நடந்துபோகும் தூரம்தான் கொட்டாஞ்சேனை. மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் தீபதுத்தாராமய விகாரையும் புனித லூசியாள் பேராலயமும் அங்கே அருகருகே இருக்கின்றன. 1883இல் விகாரையின் விழாக்காலம் கத்தோலிக்கரின் தவக்காலத்தோடும் புனித வாரத்தோடும் ஒன்றாக வந்தது. மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. பொரளைப் பக்கத்திலிருந்து விகாரைக்கு வந்த பௌத்த ஊர்வலம் பேராலயத்தை நெருங்கியபோது தாக்கப்பட்டது. ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். இதன் தொடர்ச்சியாகத்தான் ஒல்கொட் 1884இல் லண்டன் போய் முறையிட்டார், 1885இல் வெசாக் விடுமுறையானது.

கண்டியில் 1915இல் நடந்தது இன்னும் கூர்மையான உதாரணம். மே மாத இறுதியில், வெசாக் பக்திப்பாடல் ஊர்வலத்துக்கு அனுமதி கொடுத்தபோது, நள்ளிரவுக்குப் பிறகே காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலைக் கடக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். அந்த நேரத்தில் பள்ளிவாசல் மூடியிருக்கும் என்பது கணக்கு. ஊர்வலம் நேரத்துக்குத்தான் வந்தது. ஆனால் பள்ளிவாசலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, உள்ளே ஆட்கள் இருந்தார்கள். காகிதத்தில் சரியாக இருந்த நேரம் தெருவில் பிழைத்தது. அன்று தொடங்கிய கலவரம் தீவின் பல மாகாணங்களுக்குப் பரவியது. அனுமதி கொடுத்தவர்களில் ஒருவராவது அன்று பின்னேரம் அந்தத் தெருவுக்குப் போய்ப் பார்த்திருக்கலாம் என்று இப்போது சொல்வது சுலபம். ஆனால் ஊர்வலம் ஒழுங்கு செய்யும் எவரும் அதைத்தான் செய்ய வேண்டும்.

சட்டம் கேட்பது கொஞ்சம்தான். 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி, ஊர்வலம் தொடங்கும் இடத்துக்கு அண்மைய பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குக் குறைந்தது 6 மணித்தியாலத்துக்கு முன்னர் அறிவிக்க வேண்டும். ஒலிபெருக்கிக்கு 80ஆம் பிரிவின் கீழ் தனி அனுமதி வேண்டும். 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புக்குப் பிறகு இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை அந்த அனுமதி இல்லை என்பதே பொது விதி. தேர் பிந்தினால் இந்த 10 மணி எல்லையும் இடிக்கும்.

ஆறு மணித்தியால அறிவித்தல் சிறிய ஊர்வலத்துக்குச் சரி. ஆடிவேல் போன்றதற்கு வாரக் கணக்கில் வேலை இருக்கிறது. பாதை புறக்கோட்டை, கோட்டை, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி என்று பல பொலிஸ் நிலையங்களின் எல்லைக்குள் போகிறது. காலி வீதி ஏ2 நெடுஞ்சாலை, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. குப்பை, தண்ணீர், தெருவோரக் கடைகள் மாநகர சபையின் பொறுப்பு. தெருவுக்கு மேலே போகும் கம்பி மின்சார சபையின் பொறுப்பு. ஒரு கோயில் நிர்வாகம் இவ்வளவு பேரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர வேண்டும். அந்த மேசையில் இருக்க வேண்டியது ஒரே ஒரு தாள்தான்: தேர் எந்த இடத்தை எத்தனை மணிக்குக் கடக்கும், எங்கே எத்தனை நிமிடம் நிற்கும், எங்கே நிற்கவே கூடாது.

நிற்கக் கூடாத இடங்கள் முக்கியம். அலரி மாளிகையும் தூதரகங்களும் இருக்கும் கொள்ளுப்பிட்டித் துண்டில் எதிர்பாராமல் ஒரு தேர் நின்றால் பாதுகாப்புப் பிரிவினர் பதறுவது நியாயம். பெரிய சந்திகளின் நடுவிலும் நிற்கக் கூடாது. அங்கே பூசைத் தட்டு வைத்திருப்பவர்களை 50 மீற்றர் தள்ளி நிற்கச் சொல்லி முதல் நாளே பேசிவிட வேண்டும். தேர் வந்த பிறகு சொன்னால் சண்டைதான் வரும்.

தலைக்கு மேலே பார்க்க வேண்டியது

2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூருக்கு அருகே களிமேட்டில் அப்பர் குருபூசைத் தேர், வளைவில் திரும்பியபோது உயரழுத்த மின்கம்பியில் பட்டது. 11 பேர் இறந்தார்கள். வீதி உயர்த்தப்பட்டிருந்ததும் காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. தேரின் உயரம் மாறவில்லை, கம்பியும் அதே கம்பிதான், நடுவிலிருந்த இடைவெளி குறைந்துவிட்டது. போன வருடம் போனதுதானே என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

நகரத்தில் பெரிய மின்கம்பியைவிடச் சின்னக் கம்பிகள்தான் கூடுதல் தொந்தரவு. தொலைபேசிக் கேபிள், கேபிள் ரீவி வயர், கைவிடப்பட்டுத் தொங்கும் வயர்கள் எல்லாம் தெருவைக் குறுக்கறுக்கின்றன. தேரின் உச்சியைவிட உயரமான ஒரு கம்பத்தை வாகனத்தில் நட்டு, ஒரு வாரத்துக்கு முன்னர் முழுப் பாதையும் ஓட்டிப் பார்ப்பது நல்ல வழக்கம். அது போதாது. முதல் நாள் இரவு பக்தர்கள் ஆசையாகக் கட்டும் வரவேற்பு வளைவும் மின்விளக்குச் சரமும் அந்த அளவீட்டில் இருந்திருக்காது. அதனால் புறப்படும் நாள் அதிகாலையில் இன்னொரு தடவை ஓட வேண்டும். கம்பி தாழ்ந்திருந்தால் மின்சார சபை வந்து மின்னை நிறுத்த வேண்டும். ஒரு தொண்டர் தடியால் தூக்கிப் பிடிப்பது ஊரில் எல்லாரும் செய்வதுதான், அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

உயரம் தேருக்கு மட்டுமல்ல. பின்னால் வரும் தூக்குக் காவடி வாகனம் வளைவில் தேரைவிட அகலமான இடம் கேட்கும். ஜெனரேற்றர் ஏற்றிவரும் லாண்ட்மாஸ்டரின் சூடான புகைக்குழாய்க்கும் காவடியாட்டக்காரருக்கும் இடையில் சில மீற்றர் இடைவெளி வேண்டும். எரிபொருளைக் கூட்டத்துக்குள் வைத்து நிரப்பக் கூடாது.

தமிழில் 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்றால் ஏச்சு. தேரடியில் முட்டுக்கட்டை போடுபவர்தான் ஆட்களின் உயிரைக் காப்பவர். காலி வீதி பெரும்பாலும் சமதரை என்றாலும், தேர் நிற்கும் ஒவ்வொரு தடவையும் சில்லுக்குக் கட்டை வைக்க வேண்டும், எடுக்க வேண்டும். 100 தடவை நின்றால் 100 தடவை. களைப்பு வரும். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால் ஆள் மாற வேண்டும். உடைத்த தேங்காய்ச் சிதறலைப் பொறுக்கச் சிறுவர்கள் சில்லுக்கிடையில் குனிவதும் தேர் நிற்கும் அந்த நிமிடங்களில்தான். வடத்துக்கு உள்ளே வடம் பிடிப்பவர், கட்டை போடுபவர், குருக்கள் தவிர வேறு ஒருவரும் வரக் கூடாது என்ற விதியில் முதலாளி மகன், அமைச்சரின் ஆள் என்ற விலக்கெல்லாம் இருக்கக் கூடாது.

மாடுகளையும் மறக்கக் கூடாது. மத்தியானத் தார் வீதி சுடும். அவற்றுக்கும் தண்ணீர், நிழல், மாற்று மாடு என்று ஓர் அட்டவணை வேண்டும். மிருகம் மிரண்டால் என்ன ஆகும் என்பதற்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை. 2019 செப்டெம்பரில் கோட்டே ரஜமகா விகாரைப் பெரஹராவில் யானை மிரண்டு ஓடி 17 பேர் காயமடைந்தார்கள். 2024 ஜூலையில் கதிர்காமப் பெரஹராவிலும் அப்படி நடந்தது.

ஒரு பக்கம் கடல்

கூட்டம் எவ்வளவு என்பதைவிட ஒரு சதுர மீற்றரில் எத்தனை பேர் என்பதே முக்கியம். நாலு பேர் வரை ஆள் தன் விருப்பத்துக்கு அசையலாம். ஆறைத் தாண்டினால் தனி ஆளின் விருப்பம் என்று ஒன்று இல்லை, கூட்டம் அலையாக அசைக்கும். 2022 ஒக்டோபரில் சியோலின் இத்தேவொனில் 159 பேர் இறந்தது ஏறத்தாழ 4 மீற்றர் அகலமான சரிவான ஒழுங்கையில். அன்று அங்கே ஊர்வலமே இல்லை, இரு பக்கத்திலிருந்தும் மக்கள் நுழைந்ததுதான் காரணம்.

காலி வீதியில் நின்று யோசித்துப் பாருங்கள். மேற்கே சில நூறு மீற்றரில் மெரின் டிரைவும் ரயில் பாதையும் கடலும். அந்தப் பக்கம் போகக் குறுகிய ஒழுங்கைகள்தான் இருக்கின்றன. பிரித்தானிய விளையாட்டரங்குப் பாதுகாப்பு வழிகாட்டி, சமதரையில் ஒரு மீற்றர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர் கடக்கலாம் என்று கணக்கு வைக்கிறது. 3 மீற்றர் ஒழுங்கை என்றால் 246 பேர். 5,000 பேர் வெளியேற 20 நிமிடம் பிடிக்கும், அதுவும் ஒழுங்கை வாயிலில் கடலைக் கடையும் ஆட்டோவும் நிற்காவிட்டால். நிற்காமலா இருக்கும்? ஒழுங்கை வாயில்களைக் காலியாக வைப்பதற்கென்றே ஒவ்வொன்றிலும் இரண்டு தொண்டர்கள் வேண்டும். ஓர் ஒழுங்கை உள்ளே வர, அடுத்தது வெளியே போக என்று முன்கூட்டியே பிரித்துவிட்டால் எதிரெதிர் நெரிசல் வராது.

அம்பியுலன்ஸ் போக வேண்டிய திசை கிழக்கு. பம்பலப்பிட்டியிலிருந்து பௌத்தாலோக மாவத்தை வழியாகத் தேசிய வைத்தியசாலைக்கும், வெள்ளவத்தையிலிருந்து களுபோவிலைக்கும் போகலாம். அதற்கு ஆர்.ஏ. டி மெல் மாவத்தையைக் குறுக்கறுக்க வேண்டும். ஆனால் காலி வீதியை மூடும்போது வாகனங்களைத் திருப்பி விடுவதும் அதே மாவத்தைக்குத்தான். இரண்டும் ஒரே சந்தியில் மோதுமா என்பதைப் பொலிஸாரோடு வரைபடம் வைத்துப் பேசித் தீர்க்க வேண்டும். 1990 சுவசெரிய அம்பியுலன்ஸுக்கு யாரோ ஒருவர் அழைத்து 'தேருக்குப் பக்கத்தில்' என்று சொன்னால் சாரதிக்கு விளங்காது. மின்கம்பங்களில் வரிசை இலக்கம் எழுதிய தாள் ஒட்டிவிட்டால் '34ஆம் கம்பம்' என்று சொல்லலாம். செலவு சில நூறு ரூபாய்.

இன்னொன்று மொழி. தொண்டர்கள் தமிழர், வீதிக் கடமையில் நிற்கும் பொலிஸார் பெரும்பாலும் சிங்களவர், பார்க்க வருபவர்கள் எல்லாரும் கலந்தவர்கள். தொண்டர் குழு ஒவ்வொன்றிலும் இரண்டு மொழியும் சரளமாகப் பேசும் ஒருவர் இருந்தால் பாதிப் பிரச்சினை பிரச்சினையாகவே மாறாது. காணாமற்போன பிள்ளை பற்றிய அறிவித்தல் இரண்டு மொழியிலும் வர வேண்டும். கூட்டம் கூடினால் கைபேசி வலையமைப்பு திணறும், வட்ஸ்அப் குழுவை நம்பி மட்டும் இருக்கக் கூடாது. சைக்கிளில் ஓடும் இரண்டு பெடியன்கள் இன்றைக்கும் நல்ல தகவல் சேவைதான்.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு பைப் பரிசோதனையும் இதில் சேர்ந்துவிட்டது. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம் குண்டுவெடிப்புக்குப் பின் அந்த வருடம் ஜூன் 12இல், திருவிழாவுக்கு முதல் நாள், மீண்டும் திறக்கப்பட்டது. அதன் பிறகு கொழும்பின் மத ஊர்வலங்களில் பரிசோதனையையும் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் பரிசோதனை வரிசையும் ஒரு கூட்டம்தான். அதைத் தேர் போகும் வழியில் வைக்காமல் ஒழுங்கைக்குள் தள்ளி வைக்க வேண்டும், பெண்களுக்குத் தனி வரிசையும் பெண் பொலிஸாரும் வேண்டும்.

தேங்காய், தண்ணீர், குப்பை

இதே நகரத்தார் கடல் கடந்து போன பினாங்கிலும் வெள்ளித் தேர் ஓடுகிறது. அங்கே தைப்பூசத்துக்குத் தெருவில் உடைக்கும் தேங்காய்களை இயந்திரம் கொண்டுதான் அள்ளுகிறார்கள். சிங்கப்பூரில் ஒரு படி மேலே போய், 1973இலிருந்து தைப்பூச ஊர்வலத்தில் வீதி இசையையே கட்டுப்படுத்தினார்கள். நீண்ட கோரிக்கைக்குப் பிறகு 2016இல்தான் சில குறித்த இடங்களில் நேரடி இசைக்கு இடம் கிடைத்தது. கட்டுப்பாடு ஒருமுறை வந்தால் தளர எத்தனை காலம் எடுக்கும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொழும்பில் தேங்காய்க்கு இயந்திரம் தேவையில்லை. தேருக்கு முன்னால் உடைக்கும் இடத்தில் விளக்குமாறும் தட்டையான மண்வெட்டியுமாக ஆறு பேர் இருந்தால் போதும். சிரட்டைச் சில் வெறுங்காலைக் கிழிக்கும், இளநீர் சிந்திய தார் வழுக்கும். தேங்காய் உடைப்பதைச் சில இடங்களுக்கு ஒதுக்கி, அங்கே மணல் மூட்டை வைத்துத் தொட்டி மாதிரிக் கட்டிவிட்டால் தேர் நிற்கும் நேரமும் குறையும்.

தண்ணீர்ப் பந்தல்கள் தேர் நிற்கும் இடத்துக்கு நேரே இருக்கக் கூடாது. தாகத்துக்கு வரும் கூட்டமும் தரிசனத்துக்கு வரும் கூட்டமும் ஒன்றின்மேல் ஒன்று விழும். 30 மீற்றர் தள்ளி, வீதியின் கிழக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அன்னதானம் கொடுப்பவர்கள் வெசாக் தன்சல்காரர் போல முன்னரே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்துவிடுவது நல்லது. ரெஜிபோம் பெட்டிகளுக்கு 2017 செப்டெம்பரிலிருந்து தடை இருக்கிறது. வாழையிலை இருக்கும்போது அந்தப் பெட்டியைத் தேடிப் போனதே எனக்கு விளங்குவதில்லை. கழிப்பறை பற்றி யாரும் பேச விரும்புவதில்லை. காலையில் வந்து இரவு வரை நிற்கும் பெண்கள்தான் அதற்கு விலை கொடுக்கிறார்கள், பலர் தண்ணீரே குடிக்காமல் நிற்கிறார்கள், பின்னேரம் மயங்கி விழுவதும் அவர்கள்தான். பாதையில் உள்ள கோயில் மண்டபங்களையும் பாடசாலைகளையும் கேட்டால் திறந்துவிட மறுப்பவர்கள் குறைவு. ஆனால் கேட்க வேண்டும், அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கூடுதலாகக் கவனிக்கப்படாதது திரும்பும் பயணம். வரும்போது இருந்த உற்சாகம் போய்விடும், தொண்டரில் பாதிப் பேர் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள், பொலிஸ் ஆளணியும் குறையும், பாதையும் கம்பியும் தேரும் மட்டும் அப்படியே இருக்கும். திரும்பும் நாளுக்கான தொண்டர் பட்டியலைத் தனியாக, வேறு ஆட்களைக் கொண்டு, புறப்படும் நாளுக்கு முன்னரே எழுதி முடித்திருக்க வேண்டும். கம்பம் நட்ட வாகனமும் அன்று அதிகாலை இன்னொரு தடவை, இம்முறை பம்பலப்பிட்டியிலிருந்து செட்டியார் தெருவை நோக்கி, ஓட வேண்டும்.